பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் டிவி, டிவிடி, டேப், ரெக்கார்டு ப்ளேயர் எல்லாவற்றையும் இணைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் நிறைய வீடுகளில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் சும்மா கிடக்கிறது. அப்பாரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்ததாக இருக்கும். இல்லையென்றால் உள்ளூர் ரேடியோ மெக்கானிக் 5200, 1943 ட்ரான்சிஸ்டர் ஜோடி போட்டு அசெம்பிள் செய்து கொடுத்ததாக இருக்கும். டேப் கேசட் போனதோடு அதுவும் ஆசாரத்து (முன்கூடத்து) ஷோகேஸில் ஒதுங்கிவிட்டது. ஆனால் அதே வீட்டில் புது டிவியில் படம் பார்க்கும்போது வசனம் புரியாமல் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். மெல்லிய டிவிக்குள் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடம் கிடையாது. இருக்கிற சின்ன ஸ்பீக்கரும் பெரும்பாலும் கீழே பார்த்தோ, சுவரைப் பார்த்தோதான் பாடுகிறது.

அந்த ஆம்ப் நல்ல நிலையில் இருந்தால் புது சவுண்ட் பார் தேவையே இல்லை. பின்பக்கம் ‘ஆக்ஸ்’ என்று ஒரு ஜோடி சாக்கெட் இருந்தால் போதும், இன்றைய எந்தக் கருவியையும் அதில் சேர்த்துவிடலாம். பளபளப்பான விலை உயர்ந்த கேபிளால் பெரிதாக எதுவும் மாறாது. சரியான சாக்கெட், சரியான சிக்னல் அளவு, ஒழுங்கான எர்த், இந்த மூன்றும்தான் முக்கியம். இவை சரியாக இருந்தால் நூறு இருநூறு ரூபாய் ஒயரே தாராளம்.

முதல் வேலை: பின்பக்கத்தைப் படிப்பது

ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஆம்பைத் திருப்பி வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வோல்டேஜ். நம் ஊர்க் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வெளிநாட்டு செட்டில் 110, 220 என்று மாற்றும் ஒரு சின்னத் திருகு பின்பக்கம் இருக்கலாம். அது 220 அல்லது 240-இல் நிற்கிறதா என்று பாருங்கள். ஜப்பானுக்கென்றே செய்தது 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தது 120 வோல்ட். அப்படிப்பட்ட செட்டை ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் ப்ளக்கில் சொருகினால் அந்த நிமிடமே கதை முடிந்துவிடும்.

அடுத்து சாக்கெட்டுகள். வட்டமான ஆர்சிஏ சாக்கெட்டுகள் இரண்டிரண்டாக இருக்கும். சிவப்பு வலது, வெள்ளை அல்லது கறுப்பு இடது. ட்யூனர், சிடி, ஆக்ஸ், டேப், வீடியோ என்று மேலே எழுதியிருக்கும் பெயர்கள் பார்க்கத்தான் வேறுவேறு. மின்சாரக் கணக்கில் எல்லாம் ஒன்றுதான். எல்லாமே ‘லைன் லெவல்’ சிக்னலை, அதாவது டிவி, சிடி ப்ளேயர் போன்றவை வழக்கமாகக் கொடுக்கும் அளவுள்ள சிக்னலை, எதிர்பார்க்கும் வாசல்கள். அதனால் சிடி என்று எழுதிய இடத்தில் டிவியைத் தாராளமாகச் சொருகலாம். ‘ஃபோனோ’ மட்டும் தனி ஜாதி. அதைப் பின்னால் சொல்கிறேன், அதுவரை அதில் எதையும் சொருக வேண்டாம்.

இன்னொரு இடத்தில் கவனம் தேவை. சில ஆம்ப்களில் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று இரண்டு ஜோடி இருக்கும். இரண்டுக்கும் நடுவே ‘ப’ வடிவத்தில் வளைந்த சின்ன உலோகக் கம்பிகள் சொருகியிருக்கும். அந்தக் கம்பிகள் தொலைந்து போயிருந்தால் ஆம்ப் சத்தமே போடாது. காலியாக இருக்கிறதே என்று ‘மெயின் இன்’-இல் டிவிடி ப்ளேயரைச் சொருகிவிடாதீர்கள். அந்த வாசல் வழியாகப் போகும் சத்தத்துக்கு ஆம்பில் வால்யூம் கட்டுப்பாடே கிடையாது. பாட்டு தொடங்கிய கணத்தில் முழு பவரும் ஸ்பீக்கருக்குப் போய்விடும்.

பழைய ஐரோப்பிய பாணி செட்டுகளில் ஆர்சிஏ இருக்காது. ஐந்து ஓட்டை உள்ள வட்டமான டின் (DIN) சாக்கெட் இருக்கும். டேப் என்று எழுதிய டின் சாக்கெட்டில் 3-ம் 5-ம் நம்பர் பின்கள் ஆம்புக்குள் சத்தம் போகும் வழி, 1-ம் 4-ம் ரெக்கார்டிங்குக்கு வெளியே போகும் வழி, நடுவில் இருக்கும் 2 கிரவுண்டு. டின் முதல் ஆர்சிஏ வரை ரெடிமேட் ஒயர் கிடைக்கிறது. அதை வாங்கினால் பற்றவைக்கும் வேலை மிச்சம்.

ஸ்பீக்கர்: இங்கேதான் ஆம்ப் எரிகிறது

பிள்ளைகள் பாட்டைச் சத்தமாக வைத்ததால் ஆம்ப் போனது என்பார்கள். பல சமயம் காரணம், ஸ்பீக்கர் ஒயரின் ஒரே ஒரு மெல்லிய இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருந்ததுதான். இந்த வேலையில் மட்டும் அவசரம் கூடாது.

ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம்ஸ் என்று பாருங்கள்: 4, 6, 8 என்று ஏதாவது எழுதியிருக்கும். ஆம்பின் பின்னால் குறைந்தபட்சம் எத்தனை ஓம்ஸ் தாங்கும் என்றும் இருக்கும். ஆம்ப் கேட்பதைவிடக் குறைந்த ஓம்ஸ் ஸ்பீக்கர் போட்டால் அது கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். ஏ, பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கர் போடும் வசதி இருந்தால் கணக்கு மாறும். பெரும்பாலான செட்டுகளில் இரண்டையும் ஒன்றாக இயக்கினால் 8-ம் 8-ம் சேர்ந்து 4 ஓம்ஸ் ஆகிவிடும். ஆசாரத்தில் ஒரு ஜோடி, வாசலில் ஒரு ஜோடி என்று மாட்டுகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

ஒயர் சுத்தமான செம்பாக இருக்கட்டும். கடையில் செம்பு நிறத்தில் மினுக்கும் சில ஸ்பீக்கர் ஒயர்கள் உள்ளே அலுமினியம்தான், மேலே செம்புப் பூச்சு மட்டும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். சந்தேகமாக இருந்தால் பக்கத்து மோட்டார் வைண்டிங் கடையில் காட்டுங்கள், நம் ஊரில் அதற்கா பஞ்சம்! பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். கனம் 1.5 சதுர மி.மீ. போதும். அந்தச் செம்பு ஒயரில் பத்து மீட்டர் தூரத்துக்குப் போக வர இருபது மீட்டருக்கும் சேர்த்து ஏறக்குறைய கால் ஓம்தான் தடை வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பெரிதல்ல.

முனையில் 10 மி.மீ. அளவுக்கு மட்டும் உறையைச் சீவுங்கள். இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள், முடிந்தால் ஈயம் பற்றவையுங்கள். டெர்மினலுக்குள் நுழைத்த பிறகு வெளியே வெற்றுச் செம்பு தெரியக்கூடாது. ஆம்பின் சிவப்பு ஸ்பீக்கரின் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. இரண்டு பக்கமும் இதே முறை. ஒன்று மட்டும் மாறிவிட்டால் எதுவும் எரியாது, ஆனால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கும். தவில், பேஸ் எல்லாம் காணாமல் போகும். பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது.

ஸ்பீக்கரில் நிறம் அழிந்து போயிருந்தால் ஒரு 1.5 வோல்ட் பேட்டரி செல் போதும். ஆம்பில் இருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, செல்லின் இரு முனைகளையும் ஸ்பீக்கர் டெர்மினலில் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்ற சத்தத்தோடு பெரிய வூஃபரின் கூம்பு வெளியே வந்தால் செல்லின் ப்ளஸ் தொட்ட பக்கமே சிவப்பு. உள்ளே போனால் மறுபக்கம்.

டிவியை இணைப்பது: எல்லாரும் தடுமாறும் இடம்

வீட்டில் டிடிஎச் பெட்டி, கேபிள் பெட்டி, டிவிடி, ஃபயர் ஸ்டிக், டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்கள் என்று எத்தனை இருந்தாலும், எல்லாவற்றையும் எச்டிஎம்ஐயில் டிவிக்குக் கொடுத்துவிட்டு, டிவியிலிருந்து ஒரே ஒரு ஒயரை ஆம்புக்கு எடுப்பதுதான் நல்ல வழி. பெட்டியிலிருந்து சிவப்பு வெள்ளை ஒயரை நேராக ஆம்பில் சொருகலாம்தான். ஆனால் அப்போது டிவி ஆப்பில் படம் போட்டால் ஆம்பில் சத்தம் வராது. டிவி படத்தைச் சீர்செய்து காட்டச் சற்று நேரம் எடுத்துக்கொள்வதால், உதடு அசைவதற்கு முன்பே வசனம் கேட்கும்.

டிவியின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் சாக்கெட் இருந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். இப்போதைய டிவிகளில் அவை பெரும்பாலும் உள்ளே வாங்குவதற்கு மட்டும். ‘அவுட்’ என்று எழுதியிருந்தால்தான் நமக்கு உதவும். நமக்கு உதவக்கூடியவை மூன்று.

சுலபமானது இயர்போன் ஓட்டை. ஒரு பக்கம் 3.5 மி.மீ. பின், மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ பின் உள்ள ஒயர் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். இயர்போன் பக்கம் டிவிக்கு, ஆர்சிஏ பக்கம் ஆம்பின் ஆக்ஸுக்கு. டிவி வால்யூமை முக்கால் அளவில் நிறுத்திவிட்டு ஆம்பில் சத்தத்தைச் சரி செய்யுங்கள். டிவியைக் குறைத்து வைத்து ஆம்பை அதிகமாக ஏற்றினால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் கூடவே ஏறும். இந்த முறையில் பெரிய வசதி, டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது ஆப்டிகல். சின்னக் கதவு மூடிய சதுர ஓட்டை, டிவி ஓடும்போது உள்ளே சிவப்பு ஒளி தெரியும். இது தோஷிபா 1983-இல் கொண்டுவந்த முறை. ஒளியாகவே சத்தம் போவதால் டிவிக்கும் ஆம்புக்கும் நடுவே மின் தொடர்பே இருக்காது. உறுமல் சத்தம் இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் பழைய ஆம்புக்கு இந்த ஒளியைப் புரிந்துகொள்ளத் தெரியாது. நடுவே டேக் என்று சொல்லும் சின்ன டிஜிட்டல் முதல் அனலாக் மாற்றி ஒன்று வேண்டும். ஆப்டிகல் ஒயர் அதற்குள், அதிலிருந்து ஆர்சிஏ ஒயர் ஆம்புக்கு. ஒயரின் முனையில் இருக்கும் ப்ளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறந்துவிட்டு ‘சத்தமே வரவில்லை’ என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. ஒயரைக் கூர்மையாக மடக்கவும் கூடாது.

இதைச் சொருகிய பிறகு டிவி செட்டிங்கில் சவுண்ட் பகுதிக்குப் போய், டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை ‘பிசிஎம்’ என்று வையுங்கள். ‘ஆட்டோ’, ‘டால்பி’, ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று இருந்தால் சாதாரண டேக்குக்கு அது புரியாது. ஒன்றும் கேட்காது, இல்லையென்றால் கரகரவென்று கத்தும். டேக் கெட்டுப்போச்சு என்று நினைக்கும் பாதிப் பேருக்கு இந்த ஒரு செட்டிங்தான் தீர்வு. ஆப்டிகலில் சத்த அளவு பெரும்பாலும் நிலையாக இருக்கும், டிவி ரிமோட் வேலை செய்யாது. ஆம்புக்கு ரிமோட் இல்லையென்றால் எழுந்து போய்த்தான் திருக வேண்டும்.

மூன்றாவது எச்டிஎம்ஐ ஏஆர்சி, அதாவது டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே வெளியே அனுப்பும் வசதி. டிவியின் எச்டிஎம்ஐ சாக்கெட்டுகளில் ஒன்றில் மட்டும் ஏஆர்சி என்று எழுதியிருக்கும். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-லிருந்து இந்த வசதி இருக்கிறது. இதற்கும் நடுவே ஏஆர்சி பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று தேவை. டிவி செட்டிங்கில் சிஇசி (எச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) என்பதையும் ஆன் செய்ய வேண்டும். ஆப்டிகல் இல்லாத டிவிக்கு இது சரி. ஆப்டிகல் இருந்தால் இதற்குப் போக வேண்டியதில்லை.

ப்ளூடூத் ரிசீவரை ஆக்ஸில் சொருகினால் போனிலிருந்து பாட்டுக் கேட்க நன்றாக இருக்கும். டிவிக்கு வேண்டாம், சத்தம் படத்துக்குப் பின்னால் வரும்.

டிவிடி, 5.1 குழப்பம்

டிவிடி ப்ளேயரில் மஞ்சள் ஒயர் படம். அது டிவிக்கு. சிவப்பு வெள்ளை ஆம்புக்கு. ஆனால் நம் பக்கம் விற்ற பல ப்ளேயர்களில் ஆறு சாக்கெட்டுடன் 5.1 அவுட்டும் (ஆறு ஸ்பீக்கருக்குத் தனித்தனியாகப் பிரித்த சத்தம்) இருக்கும். அதில் முன் இடது, முன் வலது இரண்டை மட்டும் எடுத்து ஸ்டீரியோ ஆம்பில் சொருகினால் இசை கனமாக வரும், வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். காரணம், 5.1-இல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. அந்த ஸ்பீக்கர்தான் நம்மிடம் இல்லை. ப்ளேயரின் மெனுவில் ஆடியோவை ‘ஸ்டீரியோ’ அல்லது ‘டவுன்மிக்ஸ்’ என்று மாற்றுங்கள், நடு ஸ்பீக்கருக்குரியது இரண்டு பக்கமும் பிரிந்து வந்துவிடும். டிடிஎச் பெட்டியிலும் வசனம் மங்கினால் இதே செட்டிங்கைத் தேடுங்கள்.

டேப் டெக், ட்யூனர்

டேப்புக்கு இரண்டு ஜோடி ஒயர். டெக்கின் ‘அவுட்’ ஆம்பின் ‘டேப் ப்ளே’க்கு. ஆம்பின் ‘டேப் ரெக்’ டெக்கின் ‘இன்’னுக்கு. ரெக்கார்டிங் வேண்டாமென்றால் முதல் ஜோடி மட்டும் போதும்.

இங்கே ஒரு பட்டனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். “பாடிட்டு இருந்த செட்டுங்க, தூசி தொடைச்சு வெச்சதும் ஊமையாயிருச்சுங்க” என்று யாராவது வந்தால், முதலில் ‘டேப் மானிட்டர்’ பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது அமுங்கியிருந்தால் எந்த இன்புட்டைத் திருப்பினாலும் ஆம்ப் டேப் சாக்கெட்டை மட்டும்தான் கேட்கும். அங்கே ஒன்றும் சொருகாவிட்டால் மௌனம்தான். துணியால் துடைக்கும்போது அமுங்கிவிடுவது சகஜம். எல்லா இன்புட்டும் நிறைந்துவிட்டால் இதே டேப் ப்ளே சாக்கெட்டை இன்னொரு ஆக்ஸாகவும் பயன்படுத்தலாம். அப்போது இந்தப் பட்டனை அமுக்கி வைக்க வேண்டும்.

ட்யூனரை ட்யூனர் சாக்கெட்டில் சொருகுங்கள், ஆன்டெனாவை உயரத்தில் வையுங்கள். கொடைக்கானல் பண்பலை 100.5 நம் பக்கத்தில் பல ஊர்களுக்கு எட்டும். ஜன்னலுக்கு வெளியே கட்டிய ஒரு ஒயர் ஆன்டெனாவே நல்ல வித்தியாசம் காட்டும்.

ரெக்கார்டு ப்ளேயர்

எல்பி தட்டு வைத்திருக்கிற வீடுகளுக்கு இது. சிடி ப்ளேயர் கொடுக்கும் சிக்னல் அதிகபட்சம் 2 வோல்ட் அளவு. தட்டின் ஊசியிலிருந்து, சாதாரண எம்எம் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் காந்த வகைத் தலை) என்றால், சில மில்லிவோல்ட்தான் வரும், அதாவது சில நூறு மடங்கு குறைவு. அதுபோக, தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து, கீச்சுச் சத்தத்தைக் கூட்டித்தான் வெட்டியிருப்பார்கள். 1954-இலிருந்து ஆர்ஐஏஏ என்ற ஒரே கணக்கில் இது நடக்கிறது. ஃபோனோ சாக்கெட்டின் உள்ளே இருக்கும் சர்க்யூட் அந்தச் சின்ன சிக்னலைப் பெருக்கி, குறைத்ததை ஏற்றி, ஏற்றியதைக் குறைத்துத் தரும். அதனால்தான் ப்ளேயரை ஆக்ஸில் சொருகினால் மெல்லிய தகரச் சத்தம், டிவிடியை ஃபோனோவில் சொருகினால் காது கிழியும் கரகரப்பு.

ஆம்பில் ஃபோனோ இல்லையென்றால் தனியாக ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்கி ஆக்ஸில் போடலாம். புது ப்ளேயர்கள் சிலவற்றில் அது உள்ளேயே இருக்கும், பின்னால் ‘ஃபோனோ / லைன்’ ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். ஃபோனோ சாக்கெட்டில் சொருகினால் ஃபோனோ, ஆக்ஸில் சொருகினால் லைன். ப்ளேயரிலிருந்து வரும் மெல்லிய தனி ஒயர் கிரவுண்டு. அதை ஆம்பின் ‘ஜிஎன்டி’ திருகில் முறுக்குங்கள். விட்டுவிட்டால் பாட்டோடு சேர்ந்து உறுமும்.

முதல் முறை ஆன் செய்வது

எல்லா ஒயரும் மாட்டிய பிறகுதான் கரண்ட். வால்யூம் பூஜ்யத்தில், பேலன்ஸ் நடுவில் இருக்கட்டும். டிவியையோ ப்ளேயரையோ முதலில் ஆன் செய்து பாட்டை ஓட விடுங்கள், பிறகு ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மெதுவாக வால்யூமைத் திருகுங்கள். இரண்டு பக்கமும் வருகிறதா, சிவப்பு உண்மையிலேயே வலது பக்கமா என்று பேலன்ஸ் குமிழைத் திருப்பிப் பாருங்கள். ‘மோனோ’ பட்டன் இருந்தால் அமுக்கி, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருங்கள். குரல் நேர் நடுவிலிருந்து வர வேண்டும். சிதறிக் கேட்டால் ஆம்பை அணைத்துவிட்டு ஒரே ஒரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயரை மட்டும் மாற்றிப் போடுங்கள். குமிழைத் திருகும்போது கரகரத்தால் கான்டாக்ட் க்ளீனர் அடித்துப் பல முறை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உறுமல்

‘ம்ம்ம்’ என்று தொடர்ந்து வரும் அந்த உறுமலை ஒழுங்காகத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம். ஆம்பை அணைத்து எல்லா இன்புட் ஒயரையும் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்தும் உறுமினால் கோளாறு ஆம்புக்குள்ளே. பெரும்பாலும் பவர் சப்ளை கெப்பாசிட்டர் வயதாகியிருக்கும், மெக்கானிக்கிடம் போக வேண்டும். உறுமல் நின்றுவிட்டால் ஒவ்வொன்றாக மறுபடி மாட்டுங்கள். எதை மாட்டும்போது திரும்புகிறதோ அதுதான் வழி.

பெரும்பாலும் அது டிவியாக இருக்கும், அதிலும் கேபிள் டிவி ஒயர் சொருகிய பெட்டி. தெருவிலிருந்து வரும் அந்த ஒயரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வேறுவேறாக இருப்பதால் இரண்டுக்கும் நடுவே கரண்ட் ஓடுகிறது. கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள், நின்றால் உறுதி. ஆப்டிகலுக்கு மாறுங்கள், அல்லது ஆர்சிஏ ஒயரில் ஒரு கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் (இப்படி ஓடும் கரண்டைத் தடுக்கும் சின்னக் கருவி) போடுங்கள். ப்ளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். உறுமல் நின்றுவிடும், ஆனால் உள்ளே ஒரு கரண்ட் ஒயர் ஆம்பின் உலோக உடம்பில் பட்டால், தொடுகிறவர் உயிருக்கு ஆபத்து.

தோட்டத்து வீடுகளில் எர்த் குழி கோடையில் காய்ந்துபோய் வேலை செய்யாமல் இருப்பதும் உண்டு. தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருங்கள். ஆம்ப் ப்ளக் இருக்கும் லைனில் போர் மோட்டாரோ தறியோ ஓடினால், வேறு லைன் கொடுக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ‘ர்ர்ர்’ என்று கேட்டால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் குணம், இணைப்பில் தப்பில்லை. ஃபேன் ரெகுலேட்டரைத் திருகும்போது மட்டும் கேட்டால் அதுவும் அப்படித்தான். ஆர்சிஏ ஒயரையும் கரண்ட் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டாமல் தள்ளிவிடுங்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகப் போகட்டும்.

வைக்கும் இடம்

ஆம்பின் மேலே டிவிடியையோ டெக்கையோ அடுக்கக்கூடாது, மூடிய ஷோகேஸ் கண்ணாடிக்குள்ளும் வேண்டாம். மேலே நாலு விரற்கடை அல்ல, ஒரு சாணாவது காற்றோட்டம் விடுங்கள். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன் அருகில் இருக்கும் வீடுகளில் பஞ்சுத் தூசி ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) கம்பளம் மாதிரி படிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான ப்ரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆவதும் உண்டு. மூடியைத் திறக்கும் மெக்கானிக்கிடம் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சித்திரை, வைகாசிக் கோடை மழையில் இடி தொடங்கியதும் கரண்ட் ப்ளக்கோடு டிஷ் அல்லது கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். ப்ளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு டிஷ் ஒயரை விட்டால், மின்னல் அந்த வழியாகப் பெட்டிக்கு வந்து, எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும், ஆர்சிஏ வழியாக ஆம்புக்கும் போகும்.

மழை விட்டுத் திரும்பச் சொருகும்போது குழப்பம் வராமல் இருக்க, ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ‘டிவி – ஆக்ஸ்’, ‘டெக் – டேப் ப்ளே’ என்று பேனாவால் எழுதிவிடுங்கள். முதலில் எடுத்த படத்தோடு, எல்லாம் மாட்டி முடித்த பின்பக்கத்தையும் இன்னொரு படம் எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் போட்டு வையுங்கள்.